பரங்கி விதையோடு வரும் பூஞ்சண நோய்கள்: காயைத் தேர்வதிலிருந்து நாற்றை நடுவது வரை

முளைக்காத விதையையோ முளைத்துச் சாய்ந்த நாற்றையோ கொண்டுவந்து காட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: விதையை எந்த மருந்தில் ஊறவைக்க வேண்டும்? மருந்து இந்த வேலையின் கடைசிப் படிகளில் ஒன்று. எல்லாப் படிகளிலும் பலம் குறைந்ததும் அதுதான். விதையின் மேல்தோலில் ஒட்டியிருக்கும் பூஞ்சணத்தை அது கொல்லும்; உள்ளே புகுந்துவிட்ட பூஞ்சணத்தைப் பெரும்பாலும் தொடாது. எனவே கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் வீட்டுப் பின்புறத்திலோ சிறு நிலத்திலோ பரங்கி போடுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். பரங்கி என்று நான் சொல்வது மஞ்சள் பூசணியை. பசாரில் லாபு என்று கேட்டால் எடுத்துத் தருகிற காய்.

1. விதையில் வருவது எது, வராதது எது

முதலில் எதிரியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். இலையின் மேற்பரப்பில் மாவு பூத்தது போல வரும் சாம்பல் நோய்க்கும், மழைக்காலத்தில் இலையை மஞ்சள் கட்டங்களாக்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் விதை காரணமல்ல. அவை காற்றில் வருகின்றன. பூவும் பிஞ்சும் அழுகி, அவற்றின் மேல் கருந்தலைக் குண்டூசிகளைக் குத்திவைத்தது போன்ற பூஞ்சணம் எழுவதும் விதையைச் சார்ந்ததல்ல. இவற்றுக்காக விதை நேர்த்தி, அதாவது விதைக்கும் முன் விதைக்கு மருந்திடுவது, நேர விரயம்.

விதை வழியாக வருபவற்றில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று பிசின் கருகல் நோய். ஸ்டாகனோஸ்போராப்சிஸ் என்ற பூஞ்சணப் பேரினத்தைச் சேர்ந்த 3 இனங்கள் இதை உண்டாக்குகின்றன. பழைய நூல்களில் இது டிடிமெல்லா பிரையோனியே என்ற பெயரில் இருக்கும். அந்த மூன்றில் ஒன்று பப்பாளியையும் தாக்கும் என்பதால், வேலியோரம் பப்பாளி வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது அடித்தண்டு அழுகல். பியூசேரியம் சொலானை என்ற பூஞ்சணத்தின் பரங்கிக் குடும்பத்துக்கே உரிய வகை இதற்குக் காரணம். விதையின் மேலும் உள்ளும் இது இருக்கும். நோயுற்ற விதை நன்றாகவே முளைக்கவும் செய்யும். முளைக்கிற விதை நல்ல விதை என்ற நம்பிக்கை இங்கே உதவாததற்குக் காரணம் அதுதான்.

ஆந்த்ராக்னோஸும் விதை வழி நோயே. ஆனால் அது வெள்ளரியையும் தர்ப்பூசணியையும் படுத்துகிற அளவுக்குப் பரங்கியைப் படுத்துவதில்லை.

2. தொடங்கும் முன்

தேவையானவை அதிகமில்லை. கூர்மையான கத்தி, பெரிய வடிகட்டி, நைலான் வலை பொருத்திய சட்டம், மூடியுள்ள தட்டையான பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டு, வெள்ளை டிஷ்யூ தாள், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், வாசனை சேர்க்காத பிளீச், சிலிக்கா ஜெல், கையுறை ஆகியவை போதும். லென்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறும் கண்ணால் பார்த்து நோய்க்குப் பெயர் சொல்கிறவர்கள் பாதி நேரம் தவறாகத்தான் சொல்கிறார்கள். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

காலத்தையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். பினாங்கில் ஓரளவு வறண்டிருப்பவை ஜனவரியும் பிப்ரவரியும்தான். நவம்பர் தொடக்கத்தில் விதை போட்டால் டிசம்பர் நடுவில் பூ வரும். பிப்ரவரியில் காய் முற்றும். விதைக்காக விடும் காய் வறண்ட மாதத்தில் முற்ற வேண்டும் என்பதே இந்தக் கணக்கின் நோக்கம். நனைந்த இலையும் நனைந்த காயும்தான் பிசின் கருகலுக்கு வழி திறந்துவிடுகின்றன.

விதை எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி ஒரு சொல். ஊருக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியில் விதைப் பொட்டலத்தைச் சொருகிக்கொண்டு வருவது நம்மவர்களிடம் சாதாரணமாக இருக்கிறது. இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதை கொண்டுவருவது 1976ஆம் ஆண்டுத் தாவரத் தடுப்புக்காப்புச் சட்டப்படி குற்றம். நாட்டின் நுழைவாயில்களில் அதிகாரிகள் இதைச் சோதிக்கிறார்கள். சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், நம் மண்ணில் இல்லாத ஒரு பூஞ்சண வகையை நம் கையாலேயே கொண்டுவந்து இறக்குவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

3. கொடி நிற்கும்போதே காயைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் தவறவிடும் படி இது. விதைக்கான காயைச் சமையலறையில் அறுக்கும்போது தேர்ந்தெடுக்கிறார்கள். அப்போது கொடி கண்முன் இருப்பதில்லை. காய் அழகாக இருந்தும் கொடி நோயுற்றிருந்தால் அந்தக் காயின் விதையை நம்ப முடியாது.

தைப்பூச நேரத்தில் பந்தல்களில் அன்னதானத்துக்காகப் பரங்கிக்காய் மலை போல அறுக்கப்படும். அங்கே குவியும் விதையைக் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த விதை எத்தனை தோட்டத்துக் காய்களில் இருந்து வந்தது, அந்தக் கொடிகள் எப்படி இருந்தன என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு நோயுற்ற காய் இருந்தாலும், ஈரத்தோடு ஓர் இரவு பைக்குள் புழுங்கியதில் அதன் பூஞ்சணம் மற்ற விதைகளின் மேலும் பரவிவிடும். பசாரில் துண்டு போட்டு விற்கும் காய்க்கும் இதே நிலைதான்.

கொடியை இருமுறை பாருங்கள்: காய் பிடித்த வாரத்தில் ஒரு முறை, பறிப்பதற்கு முன் ஒரு முறை. முதலில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் குனிந்து, மண்ணை விரலால் சற்று விலக்கிப் பார்க்க வேண்டும். அங்கே தண்டைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருந்து, அழுத்தினால் மெத்தென்று அமுங்கினால் அது அடித்தண்டு அழுகலாக இருக்கலாம். அந்தக் கொடியிலிருந்து விதை எடுக்கக்கூடாது.

அடுத்து இலை விளிம்பையும் தண்டையும் பாருங்கள். பிசின் கருகல் இலையின் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பாகக் காய்ந்துகொண்டு போகும். தண்டு வெடித்து, வெடிப்பில் தேன் நிறத்தில் பிசின் துளி நிற்கும். காலை ஏழு மணிக்குப் பார்த்தால் அந்தத் துளி ஈரமாய் மின்னும். பிற்பகலில் இறுகிக் கறுத்துப்போயிருக்கும். ஆனால் பிசினை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். பழ ஈ குத்திய காயிலும் பிசின் வடியும்; கத்தி பட்ட தண்டிலும் வடியும். காய்ந்த பகுதியை லென்ஸில் பார்த்து, கடுகைப் பொடித்துத் தூவியது போன்ற நுண்ணிய கரும்புள்ளிகள் பதிந்திருந்தால்தான் அது பூஞ்சணத்தின் வேலை. அந்தப் புள்ளிகள் பூஞ்சண வித்துகளை, அதாவது பூஞ்சணம் பரவ உதவும் நுண்துகள்களை, சுமக்கும் கூடுகள்.

நோயற்ற கொடியில் ஒரு காய்க்கு நாடா கட்டி அடையாளம் வையுங்கள். காய் மண்ணைத் தொடாதபடி அடியில் பலகைத் துண்டையோ கூரை ஓட்டுத் துண்டையோ செருகிவிடுங்கள். பியூசேரியம் பெரும்பாலும் மண்ணைத் தொடும் பக்கத்திலிருந்துதான் காய்க்குள் நுழைகிறது. தோலைத் துளைத்து விதையறை வரைக்கும் போனால் விதையும் கெட்டது.

4. பறித்தபின் மூன்று வாரம்

காம்பு மரம் போல இறுகி, நகம் வைத்தால் தோலில் இறங்காத நிலையில், ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் காம்போடு பறியுங்கள். காம்பை ஒடித்தால் அந்தக் காயத்தின் வழியே அழுகல் உள்ளே போகும்.

பிறகு காற்றோட்டமான நிழலில் மூன்று வாரம் வைத்திருங்கள். விதை காய்க்குள்ளேயே மேலும் முற்றுவது ஒரு பயன். நோய் மறைந்திருந்தால் அது இந்த மூன்று வாரத்தில் தோலில் வெளிப்பட்டுவிடும் என்பது அதைவிடப் பெரிய பயன். சந்தேகப்படும்படி ஒரு மெத்தென்ற வட்டம் தோன்றினாலும் விதையெடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பகுதியைத் தாராளமாக வெட்டியெறிந்துவிட்டுக் குழம்பு வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பூஞ்சணம் பிடித்த காயை நான் சமைப்பதில்லை.

5. அறுத்தலும் விதையெடுத்தலும்

காயைக் குறுக்காக இரண்டாக்கி, விதையில் கை வைக்கும் முன் வாசனை பாருங்கள். நல்ல காயில் வெள்ளரி போன்ற பச்சை வாசனை வரும். புளித்த வாடையோ, நாரில் பழுப்பு நீர்க்கோப்போ, விதைகளைப் பிணைத்துக்கொண்டு வெண்பஞ்சோ தெரிந்தால் அந்தக் காயின் விதை முழுவதும் குப்பைக்குத்தான். கெட்டதை ஒதுக்கிவிட்டு நல்லதைப் பொறுக்கலாம் என்று தோன்றும். ஒரே அறையில் ஒரே ஈரத்தில் கிடந்த விதைகளுக்குள் அப்படி எல்லை போட முடியாது.

விதையை வடிகட்டியில் போட்டு, ஓடும் நீரில் கையால் தேய்த்து நாரை நீக்குங்கள். நார் எளிதில் பிரியாவிட்டால் சில மணி நேரம் நீரில் ஊறவைக்கலாம். ஓர் இரவைத் தாண்டக்கூடாது; நம் வெப்பத்தில் விதை உறை கறுக்கத் தொடங்கும். ஒட்டிக்கொண்டிருக்கும் நார் முழுவதும் போக வேண்டும் என்பதற்குக் காரணம், அதிலுள்ள சர்க்கரைதான் பின்னால் பூஞ்சணத்துக்கு உணவாகிறது.

நீரில் மிதக்கும் விதை பொக்கு என்ற விதி பரங்கிக்குப் பொருந்தாது. உறைக்கும் பருப்புக்கும் இடையில் காற்று இருப்பதால் நல்ல விதையும் மிதக்கும். விரலால் அழுத்திப் பார்த்துப் பருப்பு இல்லாததை மட்டும் தள்ளுங்கள். உறையில் கரும்புள்ளியோ விரிசலோ உள்ளவற்றையும் இப்போதே பிரித்துவிடுங்கள்.

6. உலர்த்துதல்

நைலான் வலையில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, முதல் இரண்டு நாள் நிழலில் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். நாளிதழ் மேல் பரப்பினால் விதை ஒட்டிக்கொள்ளும். உரிக்கும்போது உறையின் மெல்லிய தோல் கிழியும். தகரக் கூரையில் நண்பகல் வெயிலில் போடுவதும் கூடாது. தகரத்தின் சூடு கருவைக் கொல்லும், பூஞ்சணமோ அதில் தப்பிவிடும். 35 டிகிரிக்கு மேல் விதை சூடாகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. மூன்றாம் நாளிலிருந்து காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் போதும்.

ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரு விதையை வளைத்துப் பாருங்கள். வளைந்தால் ஈரம் இருக்கிறது. பட்டென்று ஒடிந்தால் உலர்ந்துவிட்டது. இங்குள்ள ஈரக் காற்றில் விதை ஓரளவுக்கு மேல் தானாக உலராது. எனவே இறுதியில் விதையின் எடைக்குச் சமமான சிலிக்கா ஜெல்லோடு ஒரு மூடிய பெட்டியில் ஒரு வாரம் வைத்து எடுக்க வேண்டும். இதைச் செய்யாதவர்களின் விதையில்தான் ஜூன், ஜூலையில் மஞ்சள்பச்சைப் பூஞ்சணம் பூக்கிறது. அது அஸ்பெர்ஜில்லஸ். அதன் சில வகைகள் அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும் என்பதால், விதைக்கு ஆகாததை வறுத்துக் கொறிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

7. சோதனை: பாதியைக் கழுவி, பாதியைக் கழுவாமல்

எனக்கு நேரமில்லை, ஒரே ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

ஆய்வுக்கூடங்களில் ஈரமான ஒற்றுத்தாளில் 400 விதைகளை அடுக்கி, 20 டிகிரியில், 12 மணி நேரம் ஒளியும் 12 மணி நேரம் இருளுமாக 7 நாள் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நாம் அதையே சமையலறையில் செய்கிறோம். நூறு விதை எடுங்கள். கைவசம் குறைவாக இருந்தால் நாற்பதாவது வேண்டும். சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை 9ஆம் படியில் சொல்லும் முறைப்படி பிளீச்சில் நேர்த்தி செய்து நன்றாக அலசுங்கள். மறுபாதியை அப்படியே விடுங்கள்.

சோப்புப் போட்டுக் கழுவிய இரண்டு பெட்டிகளிலும் மூன்று அடுக்கு டிஷ்யூ விரித்து, கொதிக்கவைத்து ஆறிய நீரால் நனையுங்கள். பெட்டியைச் சாய்த்தால் நீர் சொட்டக்கூடாது. ஒரு பாதிக்கு ஒரு பெட்டியாக, விதைகளை இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். நெருக்கி வைத்தால் ஒன்றின் பூஞ்சணம் அடுத்ததன் மேல் ஏறி, எதன் நோய் எது என்று சொல்ல முடியாமல் போகும். மூடியை இறுக்காமல் வைத்து, நேர்வெயில் படாத, ஆனால் பகலில் வெளிச்சம் வருகிற அலமாரியில் வையுங்கள். வெளிச்சம் பட்டால்தான் பல பூஞ்சணங்கள் வித்துகளை உண்டாக்கி அடையாளம் காட்டும்.

நம் வீடுகளின் வெப்பம் ஆய்வுக்கூடத்தைவிட அதிகம் என்பதால் 3ஆம் நாளிலேயே பார்க்கத் தொடங்குங்கள். ஒரே இரவில் பெட்டி முழுவதும் சாம்பல் நூலாகப் பரவி, நுனியில் கருந்தலைகளோடு நிற்பது ரைசோபஸ். அது எங்கும் இருக்கிற பூஞ்சணம், பயப்பட வேண்டாம், அந்த விதையை மட்டும் எடுத்துவிடுங்கள். கறுப்புத் தூள் உருண்டையும் பச்சைத் தூளும் சேமிப்புப் பூஞ்சணங்கள். நாம் தேடுவது வேறு: முளைத்த வேரின் தொடக்கத்தில் பழுப்பாக இளகி, அதைச் சுற்றி வெண்மையோ பாலேட்டு நிறமோ கொண்ட பஞ்சு படர்ந்தால் பியூசேரியம் என்று சந்தேகிக்கலாம். 7ஆம் நாளில் வித்திலையிலோ (முளையில் முதலில் விரியும் தடித்த இலை) உறையிலோ லென்ஸில் கரும்புள்ளிக் கூடுகள் தெரிந்தால் பிசின் கருகல்.

இப்போது இரண்டு பெட்டிகளையும் ஒப்பிடுங்கள். பிளீச்சில் கழுவாத விதைகளின் பெட்டியில் பூஞ்சணம் இருந்து, கழுவிய விதைகளின் பெட்டி சுத்தமாக இருந்தால் நோய் மேல்தோலில்தான் இருக்கிறது. நேர்த்தி செய்து விதைக்கலாம். இரண்டிலும் ஒரே அளவு இருந்தால் அது விதைக்குள் இருக்கிறது. பிளீச்சை இன்னும் கூட்டினாலும், நேரத்தை நீட்டினாலும் பயன் கிடையாது. கழுவிய விதைகளின் பெட்டியில் ஒரு விதை மேற்சொன்ன இரண்டு நோய்களில் ஒன்றைக் காட்டினாலும் அந்தக் காயின் விதையை நான் விதைப்பதில்லை. கடுமையான விதிதான், ஆனால் பரங்கி விதைக்குப் பஞ்சமில்லை.

பெட்டி சுத்தமாக இருந்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். நூறு விதையில் ஒன்றுகூடக் கெடவில்லை என்றால் நோய் அறவே இல்லை என்று பொருளல்ல. கணக்குப்படி நூற்றுக்கு மூன்று வரை மறைந்திருக்க இடமுண்டு. அடுத்த படிகளைக் கைவிடாமல் இருப்பது அதனால்தான்.

8. சேமிப்பு

கண்ணாடிக் குப்பியில் சிறிது சிலிக்கா ஜெல்லோடு அடைத்து, காயின் அடையாளத்தையும் பறித்த தேதியையும் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். உடனே திறந்தால் உள்ளே நீர் பூத்துவிடும்.

9. விதை நேர்த்தி

விதைக்கும் நாளில் மட்டும் செய்யுங்கள். உலர்த்திய விதையை நேர்த்தி செய்து மறுபடி சேமிப்பது, பட்ட பாட்டையெல்லாம் ஒரே நனைப்பில் இழப்பதாகும்.

ஒரு பங்கு பிளீச்சுக்கு நான்கு பங்கு நீர், 10 நிமிடம், கலக்கிக்கொண்டே; பிறகு ஓடும் நீரில் 5 நிமிடம் அலசல். இந்த அளவு குப்பியில் 5 முதல் 6 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் என்று எழுதியிருக்கும் பிளீச்சுக்கானது. திறந்து பல மாதமான குப்பியின் வீரியம் குறைந்திருக்கும் என்பதால் புதியதை வாங்குங்கள். பிளீச்சில் வினிகரையோ கழிப்பறை கழுவும் அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும்.

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தாமானைச் சேர்ந்த இளைஞர், "அண்ணே, பத்து நிமிஷத்துக்கே இவ்வளவு நல்லதுன்னா ஒரு மணி நேரம் இன்னும் நல்லதுதானேன்னு ஊறப் போட்டேன்" என்று வெளுத்துப்போன விதைகளைக் கொண்டுவந்து காட்டினார். பாதிக்கு மேல் முளைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது.

வெந்நீர் நேர்த்தியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சிறிய விதைகளுக்கு அது சிறந்த முறை. பரங்கி போன்ற பெரிய விதையில் பூஞ்சணம் சாகும் வெப்பத்துக்கும் கரு சாகும் வெப்பத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. வீட்டு அடுப்பில் அதைப் பிடிக்க முடியாது. நான் பரிந்துரைப்பதில்லை.

அலசிய விதையை நிழலில் மேல் ஈரம் போகும்வரை உலர்த்தியபின், நோய்ப் பூஞ்சணங்களை அடக்கும் ட்ரைக்கோடெர்மா தூளைப் பூசலாம். கிலோவுக்கு 4 கிராம் என்பது கணக்கு. நூறு விதை 10, 15 கிராம்தான் வரும் என்பதால் நமக்கு வேண்டியது சிட்டிகையிலும் குறைவு. ஆறிய கஞ்சித் தண்ணீர் சில துளி விட்டுப் புரட்டினால் தூள் ஒட்டிக்கொள்ளும். வரிசை முக்கியம்: பிளீச் முன்னால், ட்ரைக்கோடெர்மா பின்னால். ட்ரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சணமே. ஒரு முறை நான் பூசி முடித்த விதையைப் பழக்கத்தில் பிளீச்சில் முக்கிவிட்டு, காசு கொடுத்து வாங்கியதை என் கையாலேயே கொன்றேன். அதே காரணத்தால் பூஞ்சணக்கொல்லித் தூளையும் ட்ரைக்கோடெர்மாவையும் ஒரே விதையில் சேர்க்கக்கூடாது.

கடையில் வாங்கும் விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால், அது ஏற்கெனவே மருந்து பூசிய விதை. கழுவாமல், மேலே எதுவும் பூசாமல், கையுறையோடு எடுத்து அப்படியே விதையுங்கள்.

10. நாற்றுத் தட்டும் அது சொல்லும் செய்தியும்

நேராக நிலத்தில் ஊன்றாமல் தட்டில் முளைக்கவைப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நவம்பர் மழையிலிருந்து நாற்றைக் கூரைக்குள் காக்கலாம். நோயுற்றதை நிலத்துக்குப் போகும் முன்பே பிடித்துவிடலாம். பழைய தட்டாக இருந்தால் பிளீச்சில் கழுவி, புதிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, 2 சென்டிமீட்டர் ஆழத்தில் விதையைப் படுக்கவைத்து ஊன்றுங்கள். காலையில் மட்டும் நீர் விடுங்கள்.

ஓரத்து வரிசை ஒன்றில் வேறொரு கடைப் பொட்டலத்து விதையை ஊன்றி அடையாளம் வையுங்கள். நாற்று சாய்ந்தால் குற்றம் விதையுடையதா கலவையுடையதா என்று சொல்லப்போவது இந்த வரிசைதான். அங்கேயும் நாற்றுகள் மண்மட்டத்தில் நூலாய் இளைத்துச் சாய்ந்தால், அது கலவையிலோ நீரிலோ வந்த நாற்றழுகல். அது பக்கத்துக் குழிகளுக்குக் கூட்டமாகப் பரவும். விதை வழி நோய் அப்படியன்றி, தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும். வித்திலையின் விளிம்பில், பல நேரங்களில் உறை ஒட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே, நீர் கோத்த பழுப்பு தொடங்கும்.

அப்படி ஒன்று தெரிந்தால் அந்த நாற்றைப் பிடுங்கி உதறாதீர்கள். குழியிலுள்ள கலவையோடு சேர்த்துப் பைக்குள் எடுத்துக் கட்டி, குப்பையில் போடுங்கள், எருக்குழியில் போடக்கூடாது. பக்கத்து நாற்றுகளை ஒரு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே நடுங்கள்.

11. நடவு

வித்திலைகளுக்கு அடுத்து வரும் உண்மை இலைகள் இரண்டு விரிந்து, வித்திலைகள் இன்னும் பச்சையாக இருக்கும் நாற்றுகளை மட்டும் நடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் பரங்கி, வெள்ளரி, பாகல், பீர்க்கு, புடல், சுரை இவற்றில் எதுவும் ஏறாத பாத்தியாக இருக்க வேண்டும். அடித்தண்டு அழுகல் பூஞ்சணம் மண்ணில் இரண்டு மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். அப்படி ஓர் இடம் வீட்டில் இல்லாதவர்கள் பெரிய தொட்டியிலோ அரிசி மூட்டைப் பையிலோ புதுக் கலவை நிரப்பி நடலாம். நட்ட அன்றே அடித்தண்டைச் சுற்றி விரற்கடை அளவு மண் ஏறாமல் விட்டுவிடுங்கள். அடுத்த முறை குனிந்து பார்க்கும்போது அந்த இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.